சடையாண்டி எழுந்திருக்கிறார்

உட்கார்ந்த பிறகுதான் சடையாண்டிக்கு நினைவு வந்தது, தான் இப்படி உட்காரக் கூடாத ஆள் என்பது. உடம்பு அவரைக் கேட்கவே இல்லை. காப்பித் தோட்டத்தின் நடுவே இறங்கும் மண்பாதையில், வளைவைத் தாண்டியதும், ஈரமண்ணில் அந்தக் குளம்படியைப் பார்த்தார். அடுத்த நொடி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார், முழங்கால் இரண்டும் தாடைக்கு நேராக, கைகள் முன்னால் தொங்க, முப்பது வயதில் உட்கார்ந்த அதே உட்கார்வு. எழுபது தாண்டிவிட்டது என்பதைப் பழக்கத்துக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. சரி, உட்கார்ந்தாயிற்று, பார்த்துவிடுவோம் என்று தடத்தைப் பார்த்தார். காட்டுமாடு. சந்தேகமே வேண்டாம். ஊர் மாட்டுக் குளம்பு இவ்வளவு அகலம் வராது, இப்படி ஆழமாகவும் பதியாது. தனிக்காளை, கூட்டத்தை விட்டு விலகித் திரியும் கிழம். முன்னங்கால் இரண்டும் நன்றாகத்தான் ஊன்றியிருக்கின்றன. பின்னால் வலது காலைப் பார், தூக்கி வைக்கவில்லை, இழுத்திருக்கிறது, ஒவ்வொரு அடிக்கும் முன்னால் மண் கோடாகக் கீறிக் கிடக்கிறது. அட, உனக்கும் முட்டியா, என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். கேட்டதும் அவருக்கு ஒரே சிரிப்பு. புல்லும் மூங்கில் குருத்தும் தவிர வேறெதையும் வாயில் வைக்காத ஜென்மத்துக்கே இந்தக் கதி என்றால், காலமெல்லாம் பன்றிக்கறியும் கருவாடும் தின்றவனுக்கு வராமல் என்ன செய்யும்? டாக்டர் இதைப் பார்க்க வேண்டும். நடக்காததால் வருகிறது பெரியவரே என்றார் அந்த டாக்டர்ப் பையன். இந்தக் காளை நடக்காத நடையா? தடத்தின் விளிம்பு இன்னும் உடையவில்லை. உள்ளே ஊறிய தண்ணீர் இன்னும் தெளியவில்லை. ஓரத்துப் புல்லில் பனி உதிர்ந்து பச்சையாக ஒரு கோடு, அது பாதையை விட்டு இறங்கி, கிளைப்பாதை வழியே கீழே ஓடைக்குப் போகிறது. போய் அரை மணி நேரம்கூட இருக்காது. தண்ணீர் குடித்துவிட்டு ஓடைக்கரைப் புதரில் படுத்திருப்பான், வெயில் ஏறும் வரை அங்கேதான் அசை போடுவான். முட்டி போன காளை ஏற்றத்தை எதற்கு விரும்பப் போகிறது? எல்லாம் படித்தாயிற்று, சரி, எழுந்திருப்போம் என்று நினைத்தார். நினைத்ததோடு சரி.

இடது கால் ஒத்துழைத்தது, வலது கால் ஒத்துழைக்கவில்லை. முட்டிக்குள் ஏதோ ஒன்று நகர்ந்து, கிளிக்கென்று, நல்ல திண்டுக்கல் பூட்டு விழுகிற மாதிரி விழுந்துவிட்டது. கம்பை எடுத்து ஊன்றலாம் என்று பக்கத்துக் காப்பிச் செடியில் சாய்த்துவைத்த கம்புக்குக் கையை நீட்டினார். விரல் நுனி பட்டது. பட்டதுதான் தாமதம், அது சாவகாசமாகச் சரிந்து, பாதையோரக் கால்வாய்க்குள் போய்ப் படுத்துக்கொண்டது. திண்டுக்கல் பூட்டு என்று நினைத்திருக்கக் கூடாது. திண்டுக்கல் என்ற பேரே இந்த ஆறு மாதமாக அவருக்கு ஆகாத பேர். மகள் செண்பகம் அங்கேதான் இருக்கிறாள், மூன்றாவது மாடியில், லிஃப்ட் உள்ள வீடு, அப்பா நீங்க படியே ஏற வேண்டாம். அவளும் மருமகனும் காலையில் வேலைக்குப் போனால் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் திரும்புகிறார்கள். போகும்போது கதவை வெளியே பூட்டிக்கொண்டு போகிறார்கள், பயமாம், யாராவது வந்து ஏமாற்றிவிடுவார்களாம். போன கோடையில் அங்கே இருந்த நாட்களில், பகலெல்லாம் சடையாண்டி பால்கனியில் உட்கார்ந்து எதிர்வீட்டு பால்கனியைப் பார்த்தார். எதிர்வீட்டு பால்கனியில் ஒரு வாஷிங் மெஷின் இருந்தது. அது மட்டும்தான் அசைந்தது. தீபாவளிக்கு வந்தபோது செண்பகமும் அவள் அம்மா குருவம்மாவும் அவரை நடுவில் உட்காரவைத்துப் பேசி முடித்தார்கள். குளியலறையில் ஒருமுறை எழுந்திருக்க முடியாமல் கிடந்தாயிற்று, மாட்டுக்கொட்டகையில் ஒருமுறை. இனி ஒருதரம் இப்படி ஆச்சுன்னா அன்னிக்கே வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கிட்டுக் கிளம்புறோம், அதுக்கு மேல நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன் என்று குருவம்மா சொன்னாள். சொன்னால் சொன்னபடி செய்கிறவள். கல்யாணமான புதிதில் முள்ளம்பன்றியை மட்டும் இந்த அடுப்பில் ஏற்ற மாட்டேன் என்றாள், இன்றுவரை ஏற்றவில்லை. ஆக, இது அந்த ஒருதரம். யாரும் பார்க்காதவரை இது அந்த ஒருதரம் இல்லை. சடையாண்டி பாதையை மேலும் கீழும் பார்த்தார். பனி மூட்டம், சவுக்கு மரத்தில் ஒரு காக்கை, வேறு ஒரு ஜீவன் இல்லை. போதும். அவசரப்படாமல் எழுந்திருந்துவிடலாம்.

அவசரப்படாமல் இருப்பதுதான் அவர் தொழிலே. ஊரில் அவரைத் துப்பாக்கிக்காரர் என்பார்கள். குறி பார்க்கிறது பெரிய காரியமா, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், தோட்டத்து முதலாளிகூட நன்றாகத்தான் சுடுவார். அசையாமல் இருக்கத்தான் ஆளில்லை. முதலாளிக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் மூக்கு அரிக்கும், செருமுவார், மணி பார்ப்பார், பன்றி பக்கத்து ஜில்லாவுக்கே போய்விடும். கடைசியில் அவரே சொல்லிவிட்டார், நீ போய் உட்காருடா சடையா, நான் வீட்டில் தூங்குறேன். பயிர்ப் பாதுகாப்பு லைசன்ஸ், ஒற்றைக்குழல் துப்பாக்கி, சேனைக்கிழங்கைத் தோண்ட வரும் பன்றி. ஒருமுறை காதுக்குள் அட்டை ஏறியது. ஏறுவது தெரிகிறது, கடிப்பது தெரிகிறது, வீங்குவது தெரிகிறது, எதிரே பன்றி வேலியோரம் நின்று யோசிக்கிறது. அதுவும் யோசித்தது, இவரும் இருந்தார், அட்டையும் வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தானாக விழுந்தது. அப்படி இருந்த ஆள் இப்போது ஒரு முட்டிக்காக இருக்க மாட்டாரா? அன்றைக்கு அசையாமல் இருந்ததற்குச் சம்பளம் உண்டு, தொடைக்கறி உண்டு, இன்றைக்குச் சும்மா. துப்பாக்கி போனது எப்படி என்று யாராவது கேட்டால், சட்டம் வந்துவிட்டது, மனசு வெறுத்துவிட்டது, உயிர்ப்பாவம் என்றெல்லாம் கேட்கிற ஆளுக்குத் தகுந்த மாதிரி சொல்வார். உண்மை குருவம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். தேர்தல் வந்தால் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், முடிந்ததும் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். கடைசியாக ஒப்படைத்தபோது ஸ்டேஷன் படியில் ஏறும்போதே முட்டி முனகியது. வாங்கப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இருந்தார், அதற்குள் அடுத்த தேர்தலே வந்துவிட்டது. எப்படியும் திரும்ப ஒப்படைக்க வேண்டியதுதானே, அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு வேட்டைக்காரன் ஓய்வுபெற்ற கதை அவ்வளவுதான். குருவம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும், அவள் சிரித்தால் அவருக்கும் பிடிக்கும்.

வலியை அவர் தடம் பார்த்து வைத்திருக்கிறார். எல்லா வலியும் ஒரே ஜாதி இல்லை. தோள்பட்டை வலி முயல் மாதிரி, இங்கே என்று கை வைத்தால் அங்கே போய்விடும். இடுப்பு வலி சொல்லிவிட்டுத்தான் வரும், மேகம் கறுத்தாலே தெரியும். கழுத்து வலிக்குக் குருவம்மாதான் காரணம், தலையணை உறையைத் துவைத்து ஒருபக்கமாகப் பஞ்சை ஒதுக்கிவிட்டாள். முட்டிதான் பன்றி. நேராக வரும், திரும்பாது, நாம்தான் ஒதுங்க வேண்டும். இப்போது ஒதுங்க வழியில்லாமல் அதன் முன்னாலேயே உட்கார்ந்தாயிற்று. வலது பாதம் மரத்துவிட்டது. அது ஒருவகையில் நல்லது, இல்லாத பாதம் வலிக்காது. வேட்டிக்குள் பனிக்காற்று நுழைகிறது, வயிறு கனக்கிறது, காலையில் இரண்டு டம்ளர் காப்பி குடித்திருக்கக் கூடாது, இப்போது அதற்கும் எழுந்திருக்க வேண்டும். வீட்டில் மருமகன் வாங்கிக் கொடுத்த ஓட்டை நாற்காலி இருக்கிறது, கக்கூசின் மேல் போட்டு அதில் உட்கார வேண்டும். சிம்மாசனம் என்று பேர் வைத்திருக்கிறார். ராஜா கொலு மண்டபத்துக்குப் போகிறார், யாரும் கதவைத் தட்டக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போவார். அந்த நாற்காலி வந்த அன்று இரவு முழுக்க அவர் தூங்கவில்லை என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. ஓட்டையுள்ள ஒரு நாற்காலியைப் பார்த்து இந்த மலையில் யாருக்காவது பயம் வருமா? அவருக்கு வந்தது. பன்றி பாய்ந்தபோதும், கரடி எழுந்து நின்றபோதும் வராத பயம். இதிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக வரும், முதலில் நாற்காலி, பிறகு மூன்றாவது மாடி, பிறகு வெளியே பூட்டிய கதவு, வாஷிங் மெஷின் மட்டும் அசையும். வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம். இரண்டு கையையும் மண்ணில் ஊன்று. இடது காலில் பாரத்தைப் போடு. மெல்ல. முட்டி வெடவெடவென்று ஆடியது, கை வழுக்கியது, மறுபடி அதே உட்கார்வு. சரி, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்வோம்.

அப்போதுதான் பேச்சுச் சத்தம் கேட்டது. பின்னாலிருந்து, மேட்டிலிருந்து. சோற்றுத் தூக்குப்போசி ஒன்றோடொன்று மோதும் சத்தம், சிரிப்பு, யாரோ யாரையோ வைகிற சத்தம். காப்பிப்பழம் பறிக்கப் போகிற பெண்கள். கார்த்திகை பிறந்தால் இந்தப் பாதையில்தான் போவார்கள், இது எப்படி மறந்தது? முன்னால் வருவது ராக்கம்மா, அவள் குரல் மலைக்கு அந்தப்பக்கமும் கேட்கும். அவளுக்குத் தெரிந்தால் குருவம்மாவுக்குத் தெரிந்த மாதிரி, குருவம்மாவுக்குத் தெரிந்தால் செண்பகத்துக்கு, மதிய பஸ்ஸுக்குள் சாவி பையில் விழுந்துவிடும். இதோ வளைவு திரும்புகிறார்கள். இதோ பார்க்கப் போகிறார்கள். இந்த முறையும் உடம்பு அவரைக் கேட்கவில்லை. வலது கை தானாக மேலே போனது, உள்ளங்கை பின்பக்கம் தெரிய, விரல்கள் சேர்ந்து, தலைக்கு மேலே. சத்தம் அறுந்து விழுந்தது.

அந்தக் கைக்கு இந்தத் தோட்டத்தில் ஒரு மரியாதை உண்டு. அது எழுந்தால் நிற்க வேண்டும், பேசக் கூடாது, இருமக் கூடாது, எடுத்த காலை வைக்கக்கூட யோசிக்க வேண்டும். மாடு நகர்ந்த பிறகு கை இறங்கும், அப்புறம்தான் நடக்கலாம். அவர் முன்னால் போக, பறிக்கிற பெண்கள் பின்னால் போன காலத்தில் ஏற்பட்ட வழக்கம். துப்பாக்கி போன பிறகும் அது போகவில்லை. ஒரே ஒரு ஆள்தான் அதை மதிக்காமல் நடந்தான், கணக்குப்பிள்ளையின் மைத்துனன், கீழேயிருந்து விருந்துக்கு வந்தவன், மாடுதானே என்றான். மாடு அவனைத் தூக்கிக் காப்பிச் செடி மேல் போட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் விருந்து முடியும் முன்னாலேயே கீழே போனவன் பிறகு இந்த மலைக்கு வரவே இல்லை. இத்தனை வருஷத்தில் அந்தக் கை ஒருமுறைகூடச் சும்மா எழுந்ததில்லை. விளையாட்டுக்குக்கூட எழுந்ததில்லை. இன்றைக்கு எழுந்துவிட்டது. சடையாண்டிக்கு அந்தக் கையைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஆனாலும் இறக்கவில்லை. இறக்கினால் வந்துவிடுவார்களே.

பின்னால் ஒரு சத்தமில்லை. நிற்கிறார்கள். அவருக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது, பார்க்கக் கூடாது, மாட்டைப் பார்க்கிற ஆள் திரும்ப மாட்டான். எதிரே ஒரு காட்டுமல்லிப் புதர். அதையே முறைத்தார். புதருக்குள் ஒரு குருவி இருந்தது, அது அவரைத் திரும்பப் பார்த்துவிட்டு, இந்தக் கிழவனுக்கு என்ன வந்தது என்கிற மாதிரி பறந்து போனது. ஒரு புதரையே எவ்வளவு நேரம்தான் முறைப்பது? சரி, கணக்குப் போடுவோம். இவர்கள் நிற்பார்கள், ஒரு கால் மணி நேரம் நிற்பார்கள், அதற்குள் முட்டி இளகிவிடும், எழுந்து, வேட்டியைத் தட்டி, போயிருச்சு, போங்க என்று சொல்லிவிடலாம். யாருக்கு என்ன நஷ்டம்? மேஸ்திரி கத்துவான், மாடு நின்றது என்றால் அடங்கிவிடுவான். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ராக்கம்மா இந்தக் கையை நம்பி நிற்கிறாள், அவள் மாமியாரும் இந்தக் கையை நம்பி நின்றவள்தான். அட போ, ஒருநாள் ஒரு பொய், ஊரில் எவன் சொல்லாத பொய். அவரவர் நரைமுடிக்கு மை பூசுகிறார்கள், நான் முட்டிக்குப் பூசுகிறேன். இப்படிச் சொல்லிப் பார்த்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. இடது கையை மறுபடி மண்ணில் ஊன்றினார். வலது கை மேலேயே இருக்கிறது, ஒற்றைக் கையால் எழுந்திருக்க வேண்டும், வேஷம் போட்டால் அதற்கும் பாடுபடத்தான் வேண்டும். முட்டி ஆடியது. தொடை ஆடியது. வேட்டி ஆடுவது தெரிந்திருக்குமோ? காற்று என்று நினைத்துக்கொள்வார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொருமுறை எக்கினார், கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம்.

பின்னால் குசுகுசுவென்று பேச்சு. காது மட்டும் இன்னும் அவருக்கு இளமையாகத்தான் இருக்கிறது, அதில்தான் அவருக்கு அடங்காத பெருமை. ராக்கம்மாவின் குரல், அவளால் முடிந்த அளவு தாழ்த்திய குரல். "ஏன்டி, இங்கன நிக்க வேணாம். சத்தங்காட்டாம ஓடைப் பக்கமா இறங்கிப் போயிருவோம், வாங்க." இன்னொருத்தி ஏதோ கேட்டாள். "சொன்னா வாயேன்டி," என்றாள் ராக்கம்மா. தூக்குப்போசிகளை மார்போடு அணைத்துக்கொள்ளும் சரசரப்பு, பிறகு செருப்புச் சத்தம், மெல்ல, மெல்ல, கிளைப்பாதையை நோக்கி.

ஓடைப் பக்கம். ஓடைக்குத்தானே அவன் போயிருக்கிறான். தடம் அங்கேதானே இறங்குகிறது, எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தானே இங்கே உட்கார்ந்து இளித்துக்கொண்டிருந்தேன். நல்ல கால் உள்ள மாடு மனுஷ வாசனை பட்டால் விலகிப் போகும். கால் போன கிழம் விலகாது, அதற்கு ஓட முடியாது, ஓட முடியாதது எதிர்த்துத்தான் நிற்கும், புதருக்குள்ளேயே இருந்து கிட்டே வரும்வரை காத்திருந்து எழும். அது கிழவனுடைய புத்தி. அவருக்குத் தெரியாதா, இப்போது அவரே அதைத்தானே செய்துகொண்டிருக்கிறார்? போகிற பாதை ஒற்றையடி, இரண்டு பக்கமும் ஆளுயரப் புதர், ஒதுங்க இடம் கிடையாது. கையை ஆட்டலாமா? முதுகைக் காட்டி நடக்கிறார்கள், கையை யார் பார்ப்பது? கூப்பிட வேண்டும். கூப்பிட்டு என்ன சொல்வது? அங்கேயும் ஒரு மாடு நிக்குது என்று சொல்லலாம். இங்கே ஒன்று, அங்கே ஒன்று, இரண்டுக்கும் நடுவில் நீங்கள் அப்படியே நில்லுங்கள் என்று சொல்லலாம். எவ்வளவு நேரம்? மத்தியானம் வரைக்குமா, சாயங்காலம் வரைக்குமா, செண்பகம் வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போகிற வரைக்குமா? இந்த நிலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது, தன் மேலேயே வந்த சிரிப்பு. ஒரு பொய்யைக் காப்பாற்ற இல்லாத மாடு ஒன்றை நிறுத்தினேன், அதைக் காப்பாற்ற இன்னொன்று, போகிறபோக்கில் இந்தத் தோட்டத்தையே தொழுவமாக்கிவிடுவேன். வாயைத் திற, சடையாண்டி. மூன்றாவது மாடி. வாயைத் திற. பூட்டிய கதவு, வாஷிங் மெஷின், பகல் முழுக்க ஒரு சொல் பேச ஆளில்லாமல். செருப்புச் சத்தம் சரிவில் இறங்க ஆரம்பித்துவிட்டது. ராக்கம்மாவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். திற.

"ராக்கு! இறங்காதே! நில்லு, எல்லாரும் நில்லுங்க! அவன் கீழதான் இருக்கான்!"

கத்திய கத்தலில் சவுக்கு மரத்துக் காக்கை எழுந்து பறந்தது. செருப்புச் சத்தம் நின்றது. அவர் இன்னும் மேலேயே நின்ற கையை இறக்கி மடியில் போட்டுக்கொண்டார்.

"இங்கன மாடும் இல்ல, மண்ணும் இல்ல. என்னால எந்திரிக்க முடியல. முட்டி பூட்டிக்கிச்சு. வந்து தூக்கி விடுங்க."

சொல்லிவிட்டார். சொல்லி முடித்ததும் காது இரண்டும் சூடாக எரிந்தன. சிரிப்பார்கள் என்று காத்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை. ராக்கம்மா விடுவிடுவென்று ஏறி வந்தாள், கூடவே ஜெயக்கொடி, பால்காரர் வீட்டு மருமகள், போன வருஷம்தான் இந்த ஊருக்கு வந்தவள். மற்றவர்கள் மேலே வளைவோரம் போய் நின்றுகொண்டார்கள். ராக்கம்மா அவருக்கு முன்னால் வந்து, தலைச்சும்மாட்டை அவிழ்த்து இடுப்பில் சொருகினாள், மூட்டை தூக்கப் போகிறவள் மாதிரி.

"அப்பவே கூப்பிட்டா என்ன மாமா?"

"எப்பவே?"

"நாங்க வளைவு திரும்பினதுமே பாத்துட்டோம்ல. முட்டி வெடவெடன்னு ஆடுது, ஒரு கை மண்ணைப் பிராண்டுது. மாடு பாக்குற ஆளு அப்படியா உக்காந்திருப்பாரு?"

சடையாண்டி அவளை அண்ணாந்து பார்த்தார். "அப்ப ஏன்டி நின்னீங்க?"

"கையைத் தூக்கிட்டீங்களே. கிட்ட வராதேங்கிறீங்கன்னு தெரிஞ்சுச்சு." அவள் ஜெயக்கொடியைப் பார்த்து, அந்தப் பக்கம் பிடி என்று தாடையால் காட்டினாள். "சரி, மனுசன் தானா எந்திரிக்கட்டும், நாம எதுக்கு நின்னு வேடிக்கை பாக்கணும்னுட்டுத்தான் ஓடைப் பக்கமாப் போயிருவோம்னேன்."

அவர் கைக்காக நின்றார்கள் என்று நினைத்தார், அவருக்காக நின்றிருக்கிறார்கள். அவருடைய மானத்துக்காக அந்த மாட்டின் வாயிலேயே போய் விழ இருந்தார்கள், மாடு இருப்பது தெரியாமல். வெட்கமா, சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை, இரண்டும் சேர்ந்துதான் வந்தது, முட்டி வலியைவிடக் கொஞ்சம் அதிகமாக வலித்தது. ராக்கம்மா அவருடைய வலது கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள், ஜெயக்கொடி இடது கையைப் போட்டுக்கொண்டாள். "கூச்சப்படாம பாரத்தைப் போடுங்க, எங்க மாமியாரை இப்படித்தான் தினம் ரெண்டு வேளை தூக்குறேன். அது உங்களைவிடக் கனம்," என்றாள் ராக்கம்மா. ஒரு தம் கட்டினார்கள். பிருஷ்டம் எழும்பியது, முட்டிக்குள் பூட்டு முனகியது, உலகம் ஒரு முழம் கீழே போனது. பாதி எழுந்தாயிற்று, நிற்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. அப்போது காற்று ஓடைப்பக்கமிருந்து ஒருமுறை வீசியது.

அந்த வாசனை. சாணியும் சேறும் புளித்த புல்லும் கலந்தது, ஈரக் கம்பளி மாதிரி. சடையாண்டியின் உடம்பு இறுகியது. கையைத் தூக்க முடியாது, கை இரண்டும் இரண்டு தோள்களில் மாட்டியிருந்தன. வாயைத் திறக்கவும் முடியாது, இவ்வளவு கிட்டத்தில் மூச்சுகூடச் சத்தம். ஆனால் ராக்கம்மா நின்றுவிட்டாள். அவர் விறைத்த விறைப்பு அவள் தோளில் இறங்கியதும் அப்படியே நின்றுவிட்டாள். ஜெயக்கொடி ஒரு நொடி பிந்தினாள், பிறகு அவளும் நின்றாள். வளைவோரம் நின்றவர்கள் இந்த மூவரையும் பார்த்துவிட்டு நின்றார்கள். கீழே ஒரு கிளை ஒடிந்தது. அவர் போட்ட கூப்பாடுதான் எழுப்பியிருக்கும், வெயில் ஏறும் வரை படுத்திருப்பான் என்று கணித்தாரே, அந்தக் கணிப்பு அவ்வளவுதான். புதர் விலகியது, முதலில் கொம்பு, பிறகு அந்த மலை மாதிரி முதுகு, கறுப்பு, ஈரம் சொட்டச் சொட்ட, நாலு கால்களிலும் முழங்கால் வரை வெள்ளை. கிளைப்பாதையில் ஏறி வந்து இந்தப் பாதையின் குறுக்கே நின்றது. கல்லெறியும் தூரம்கூட இல்லை. மூக்கை உயர்த்தி அவர்களைப் பார்த்தது. சடையாண்டி பாதி எழுந்தபடி தொங்கினார். முட்டி தீயாக எரிந்தது, தொடை நடுங்க ஆரம்பித்தது, நடுங்கினால் வேட்டி ஆடும், ஆடினால் அது பார்க்கும். ராக்கம்மா கொஞ்சமும் அசையாமல், மூச்சை மட்டும் அடக்கி, அவர் பாரத்தையெல்லாம் தன் இடுப்புக்கு வாங்கிக்கொண்டாள். நடுக்கம் நின்றது. இவள் நன்றாக அசையாமல் இருக்கிறாள், முதலாளியைவிட நன்றாக இருக்கிறாள் என்று அந்த நேரத்திலும் அவருக்குத் தோன்றியது. காளை ஒருதரம் சீறியது. பிறகு வலது பின்னங்காலை இழுத்தது, வைத்தது, இழுத்தது, பாதையைத் தாண்டி மேலேயிருந்த மூங்கில் காட்டுக்குள் ஏறியது. ஏற்றம் அதற்குப் பெரும்பாடாக இருந்தது. போ ராசா, மெதுவா போ என்று மனசுக்குள் சொன்னார். மூங்கில் சடசடத்து, சடசடத்து, ஓய்ந்தது.

இன்னும் கொஞ்ச நேரம் யாரும் அசையவில்லை. பிறகு சடையாண்டிதான் மூச்சை விட்டார்.

"இப்பத் தூக்கு," என்றார்.

தூக்கினார்கள். முட்டி கிளிக்கென்று திறந்துகொண்டது. நின்றார். நின்றபடியே ஒருமுறை ஆடி, ராக்கம்மாவின் தோளைப் பிடித்துச் சமாளித்தார். ஜெயக்கொடி முகம் வெளுத்துப்போய் அங்கேயே பாதையோரம் உட்கார்ந்துவிட்டாள். மேலே நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள், ஒருத்தி அழுதாள், இன்னொருத்தி அழுகிறவளைப் பார்த்துச் சிரித்தாள். ராக்கம்மா அவர் வேட்டியில் ஒட்டிய மண்ணைப் பட்டுப் பட்டென்று தட்டிவிட்டாள்.

"அத்தைகிட்ட நாங்க மூச்சு விட மாட்டோம் மாமா. நீங்க பாட்டுக்கு வீட்டுக்குப் போங்க."

"வேணாம்," என்றார். "நானே சொல்லிக்கிறேன்."

"சொன்னா திண்டுக்கல்லுக்குல்ல கூட்டிட்டுப் போயிரும் அது?" ஊருக்கே தெரிந்திருக்கிறது. "என்னன்னு சொல்லுவீங்க?"

சடையாண்டி நிமிர்ந்தார். முழுதாக நிமிர முடியவில்லை, முடிந்த அளவு நிமிர்ந்தார்.

"உக்காந்தா எந்திரிக்க ரெண்டு பேரு வேணும்னு சொல்லுவேன். அந்த ரெண்டு பேரு திண்டுக்கல்ல இல்லைன்னும் சொல்லுவேன்."